பூஜ்யம் என்றால் ஒன்றுமில்லை என்று எழுதாதீர்கள்: கணினிப் பாடநூலாசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

கணினிப் பாடநூல் எழுதுகிற பெரியோர்களுக்கு,

வணக்கம். நிரல் எழுதிப் பிழைப்பவன் நான். உண்மையைச் சொன்னால், எழுதுகிற நேரத்தைவிட மற்றவர் எழுதியதைப் படித்து எங்கே இடிக்கிறது என்று தேடுகிற நேரம்தான் அதிகம். புதிதாக வேலைக்கு வருகிறவர்களைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு அந்தத் தேடலைச் செய்வது வழக்கம். அவர்கள் உங்கள் புத்தகத்தைப் படித்துத் தேறித்தான் வருகிறார்கள். அவர்கள் தலையில் என்ன இருக்கிறது என்பதில் உங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. அதனால்தான் இந்த மடல் உங்களுக்கு.

இரும எண்கள் வரும் அத்தியாயத்தில் எப்படியும் ஒரு வரி எழுதிவிடுகிறீர்கள்: ‘1 என்றால் இருக்கிறது, 0 என்றால் ஒன்றுமில்லை.’ படிக்க எளிதாக இருக்கிறது, மனதிலும் உட்கார்ந்துவிடுகிறது. உட்கார்ந்ததை எழுப்புவதுதான் பெரும்பாடு. அடுத்த பதிப்பில் அந்த வரியை எடுத்துவிடுங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

முதலில் என் கதை. வெப்பநிலை அளக்கும் கருவி ஒன்று நிமிடத்துக்கு ஒரு முறை அளவை அனுப்பும். அதை வாங்கிப் பதிவு செய்வது என் நிரலின் வேலை. பைத்தான் என்ற நிரல்மொழியில் எழுதியிருந்தேன். கருவி சில நேரம் மூச்சுப் பேச்சில்லாமல் இருந்துவிடும் என்பதால், அளவு வந்திருந்தால் அதைப் பதி, வராவிட்டால் முந்தைய அளவையே வைத்துக்கொள் என்று ஒரு நிபந்தனை போட்டிருந்தேன். பல மாதம் ஒழுங்காக ஓடியது. அப்புறம் குளிர்காலம் வந்தது. வரைபடத்தைப் பார்த்தால் கோடு விசித்திரமாக இருக்கிறது: 1.0, 0.5, 0.5, 0.5, அடுத்தது நேராக −0.5. ஏறும்போதும் அப்படியே: −0.5, −0.5, பிறகு ஒரே தாவலில் 0.5. பூஜ்யத்தைத் தொடவே மாட்டேன் என்கிறது. வேலி தாண்டுகிற ஆடு மாதிரி அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் குதிக்கிறது.

கருவியைச் சந்தேகப்பட்டேன். கம்பியைச் சந்தேகப்பட்டேன். கருவியை மாற்றிக்கூடப் பார்த்தேன். புதியதும் அப்படியே குதித்தது. மூன்றாம் நாள்தான் என் நிரலை வரிவரியாகப் படித்தேன். ‘அளவு வந்திருந்தால்’ என்பதை ‘இஃப் அளவு’ என்று சுருக்கமாக எழுதியிருந்தேன். பைத்தானில் 0 ‘பொய்’ கணக்கில் சேரும். கருவி 0 டிகிரி என்று ஒழுங்காகச் சொன்ன ஒவ்வொரு முறையும், ‘ஒன்றும் வரவில்லை’ என்று என் நிரல் முடிவு கட்டிப் பழைய அளவைப் போட்டிருக்கிறது. தண்ணீர் உறையும் அந்தப் புள்ளியைத்தான் நாங்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியிருந்தது. சரியாக அங்கே வந்ததும் அது கண்ணை மூடிக்கொண்டது. மதிப்பே இல்லை என்பதற்கு அந்த மொழியில் தனியாக ஒரு சொல் இருக்கிறது. அதோடு ஒப்பிட்டுப் பார் என்று எழுதியிருந்தால் தீர்ந்தது. எனக்கு அது தெரியாமல் இல்லை. ஆனால் 0-வும் ‘இல்லை’யும் ஒன்றுதான் என்று எப்போதோ படித்தது கையில் ஊறியிருந்தது.

0 டிகிரி செல்சியஸ் என்பது வெப்பம் இல்லாத நிலை அல்ல என்பது எல்லாருக்கும் தெரியும். அதற்குக் கீழே −273.15 வரை இறங்க இடம் கிடக்கிறது. அந்த 0, யாரோ ஒருவர் நட்ட குச்சி. 1742-இல் ஆண்டர்ஸ் செல்சியஸ் தன் அளவுகோலை வெளியிட்டபோது கொதிநிலைக்கு 0 என்றும் உறைநிலைக்கு 100 என்றும்தான் வைத்திருந்தார். பின்னால் வந்தவர்கள் தலைகீழாகத் திருப்பினார்கள். தண்ணீருக்கு எந்த மாற்றமும் இல்லை, குச்சிதான் இடம் மாறியது.

இதைச் சொல்வதற்குக் காரணம், நிரலில் 0 வரும் ஒவ்வொரு இடத்திலும் மாணவர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. இந்த 0 இங்கே என்ன வேலை பார்க்கிறது? அளவா, இடமா, தூரமா, குறியா, இல்லாமையைக் காட்டும் அடையாளமா? வேலைக்கு வேலை விதி வேறு. உங்கள் புத்தகங்கள் அந்தக் கேள்வியைக் கேட்கவே கற்றுக்கொடுப்பதில்லை.

கணிதத்திலேயே இது ஒரே நாளில் வந்த பொருள் இல்லை. பாபிலோனியர்கள் எண்களுக்கு நடுவே காலி இடத்தைக் காட்ட ஒரு குறி வைத்திருந்தார்கள். ஆனால் அதைக் கூட்டவோ கழிக்கவோ இல்லை. வெறும் இடம் பிடிக்கிற துண்டு. 628-இல் பிரம்மகுப்தர்தான் அதற்கு எண்ணுக்குரிய மரியாதை கொடுத்து விதி எழுதினார். ஓர் எண்ணிலிருந்து அதே எண்ணைக் கழித்தால் கிடைப்பது பூஜ்யம், கடனிலிருந்து பூஜ்யத்தைக் கழித்தால் கடன்தான், எதைப் பூஜ்யத்தால் பெருக்கினாலும் பூஜ்யம் என்று சொல்லிக்கொண்டே போனார். வகுத்தலில் வந்து தடுக்கினார். பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுத்தால் பூஜ்யம் என்று எழுதிவிட்டார். குவாலியர் கோயில் கல்வெட்டில் 876-ஆம் ஆண்டு வாக்கில் 270 முழ நீளம், 187 முழ அகலம் என்று ஒரு பூந்தோட்டத்தின் அளவு செதுக்கப்பட்டிருக்கிறது. அந்த 270-இன் கடைசியில் இருக்கும் சின்ன வட்டம், ஒற்றை இடத்தில் ஆளில்லை என்று சொல்கிற பாபிலோனிய வேலையைத்தான் செய்கிறது. இடம் பிடிக்கும் பூஜ்யம் ஒன்று, கணக்கில் கலந்துகொள்ளும் பூஜ்யம் இன்னொன்று. இரண்டும் ஒரே வட்டத்துக்குள் வாழ்கின்றன.

இதில் நம் மொழியின் பங்கும் சுவையானது. பழைய தமிழ் எண் எழுத்தில் பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ என்று தனித்தனிக் குறிகள் இருந்தன. இடம் பிடிக்க வட்டம் தேவைப்படவே இல்லை. கணினி எழுத்துகளுக்கான தரமான யூனிகோடில்கூட ஒன்று முதல் ஒன்பது வரையும், பத்து, நூறு, ஆயிரமும் முதலிலேயே ஏறிவிட, ௦ வந்து சேர்ந்தது 2005-இல்தான். ஆனால் சொல் மட்டும் மிகப் பழையது. பரிபாடலில் எண்ணுப்பெயர்களை அடுக்கும் ஓர் இடம் ‘பாழ்’ என்று தொடங்கி, கால், பாகு (அரை) என்று ஏறி, ஒன்று இரண்டு என்று போகிறது. பாழிலிருந்து எண்ணத் தொடங்குவது, வரிசையை 0-இலிருந்து எண்ணுகிற சி நிரல்மொழிக்காரர்கள் கண்டுபிடித்ததில்லை என்று புதியவர்களிடம் சொல்லிச் சிரிப்பதுண்டு.

இன்னொன்று, போகிற போக்கில். பூஜ்யத்துக்கு நாம் ‘சைபர்’ என்றும் சொல்கிறோம். சூனியம் என்பதை அரபியில் ‘சிஃப்ர்’ என்று ஆக்கினார்கள், அது ஐரோப்பா போய்ச் சுற்றித் திரும்பியது. ‘சைபர் குற்றம்’ என்பதில் வரும் சைபர் வேறு. அது கப்பல் ஓட்டுகிறவரைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லின் வழி வந்தது. தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றாகிவிட்டதால் ஒரு புத்தகத்தில் இரண்டையும் முடிச்சுப் போட்டிருந்ததைப் பார்த்தேன். பெயர் சொல்லவில்லை, எழுதியவருக்குத் தெரியும்.

சரி, பூஜ்யத்தால் வகுத்தல். ‘வரையறுக்கப்படவில்லை’ என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறீர்கள். கணிதத்துக்கு அது போதும். கணினிக்கு அது பதில் ஆகாது. வகு என்று கட்டளை வந்துவிட்டால் அது ஏதாவது ஒன்றைச் செய்தாக வேண்டும். முழு எண்ணைப் பூஜ்யத்தால் வகுக்கச் சொன்னால் எக்ஸ்86 சில்லு பிழைக்கொடி காட்டி நிறுத்துகிறது. 64 பிட் ஆர்ம் சில்லு சத்தமே இல்லாமல் 0 என்று விடை தருகிறது. பிரம்மகுப்தர் கட்சி என்று வேடிக்கையாகச் சொல்லலாம். ரிஸ்க்-5 சில்லு எல்லா பிட்டையும், அதாவது 0 அல்லது 1 நிற்கிற ஒவ்வொரு இடத்தையும், 1 ஆக்கிக் கொடுக்கிறது. தசம எண்களுக்கு 1985-இல் வந்த ஐஇஇஇ 754 தரம் வேறு வழி சொல்கிறது: 1-ஐ 0-ஆல் வகுத்தால் முடிவிலி, 0-ஐ 0-ஆல் வகுத்தால் ‘எண் அல்ல’ என்ற ஒரு தனி மதிப்பு. அந்த மதிப்பு தனக்கே சமமில்லை என்பது கூடுதல் கூத்து. அதே தரத்தில் +0, −0 என்று இரண்டு பூஜ்யங்கள் உண்டு. ஒப்பிட்டால் சமம் என்றுதான் சொல்லும். ஆனால் 1-ஐ அவற்றால் வகுத்துப் பாருங்கள், ஒன்று மேலே முடிவிலிக்குப் போகும், மற்றது கீழே. சமம் என்று சொல்லப்பட்ட இரண்டு பேர் எதிரெதிர்த் திசையில் நடப்பதைப் பார்க்கிற மாணவருக்கு ‘ஒன்றுமில்லை’ என்ற விளக்கம் எதற்கு உதவும்?

1997 செப்டம்பரில் அமெரிக்கக் கடற்படையின் யார்க்டவுன் கப்பல் நடுக்கடலில் அசையாமல் நின்றது. கப்பலில் இருந்த ஒருவர் ஒரு தரவுக் கட்டத்தில் 0 என்று அடித்தார். நிரல் அதைக் கொண்டு வகுக்கப் போனது. பிழை வலையமைப்பு முழுவதும் பரவி உந்துபொறிகளின் கட்டுப்பாடே போய்விட்டது. இரண்டரை மணி நேரத்துக்கு மேல் கப்பல் நகரவில்லை. அந்தக் கட்டத்தில் 0 வரலாமா கூடாதா என்று யாரும் கேட்டு வைக்கவில்லை, அவ்வளவுதான்.

அடுத்து அரே, அதாவது ஒரே பெயரில் வரிசையாக அடுக்கி வைத்த மதிப்புகள். ‘கணினி பூஜ்யத்திலிருந்துதான் எண்ணும்’ என்று எழுதுகிறீர்கள். இல்லை. ஃபோர்ட்ரான், மேட்லேப், ஆர், லுவா, ஜூலியா எல்லாம் வழக்கமாக 1-இலிருந்து தொடங்குகிற மொழிகள். அவையும் இதே கணினிகளில்தான் ஓடுகின்றன. சி மொழியில் இண்டெக்ஸ் (உறுப்பைக் குறிக்கும் எண்) 0-இல் தொடங்கக் காரணம், அங்கே அந்த எண் ‘எத்தனையாவது’ என்பதைச் சொல்வதில்லை, ‘தொடக்கத்திலிருந்து எவ்வளவு தூரம்’ என்பதைச் சொல்கிறது. அரேயின் பெயர் நினைவகத்தில் ஒரு முகவரி. முதல் உறுப்பு அந்த முகவரியிலேயே உட்கார்ந்திருக்கிறது, தூரம் 0. இரண்டாவது, ஓர் உறுப்பின் அளவு தள்ளி இருக்கிறது, தூரம் 1. அளவுகோலை எடுத்துப் பார்த்தால் போதும். முதல் சென்டிமீட்டர் 0-க்கும் 1-க்கும் நடுவில்தான் கிடக்கிறது. பிறந்து ஆறு மாதமான குழந்தைக்கு வயது 0, ஆனால் நடப்பது முதல் வருடம். இதைச் சொன்னால் பத்து வயதுப் பிள்ளைக்கும் புரியும். ‘கணினியின் பழக்கம்’ என்று சொன்னால் மனப்பாடம்தான் செய்ய முடியும், மனப்பாடம் செய்தவர்கள்தான் கடைசி உறுப்பைத் தாண்டி ஒரு படி அதிகம் போய் விழுகிறார்கள்.

கணினி அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1982-இல் கையால் எழுதிய ஒரு சிறு குறிப்பில் இதற்கு இன்னோர் அழகான காரணம் சொன்னார். தொடக்கத்தைச் சேர்த்துக்கொண்டு முடிவை விட்டுவிடுகிற மாதிரி எல்லைகளை எழுதினால், இரண்டு எல்லைகளின் வித்தியாசமே நீளமாகிவிடும். 2 முதல் 13-க்கு முன்வரை என்றால் 11 எண்கள், கழித்தால் போதும். இப்படி எழுதும்போது பத்துப் பொருளுக்கு 0 முதல் 10-க்கு முன்வரை என்பது, 1 முதல் 11-க்கு முன்வரை என்பதைவிட மேல். நான் இந்தக் கட்சி. ஆனால் 1-இலிருந்து எண்ணுகிற கணிதக்காரர்கள் தவறு என்று எழுதுகிற புத்தகமும் எனக்குப் பிடிக்காது. அவர்கள் அணியின் வரிசைகளை எண்ணுகிறார்கள், நாங்கள் தூரத்தை அளக்கிறோம். இரண்டும் கலந்தால்தான் வம்பு. ஜாவாஸ்கிரிப்ட்டில் தேதி எழுதிப் பாருங்கள்: மாதம் 0-இலிருந்து, நாள் 1-இலிருந்து. ஜனவரி 0, முதல் தேதி 1. இதை வடிவமைத்தபோது என்ன நினைத்தார்களோ.

இல்லாமை என்பதற்கு வருவோம். என் வெப்பநிலைக் கதை இதைச் சேர்ந்ததுதான். தரவுத்தளத்தில் மதிப்பு இல்லை என்பதைக் காட்ட நல் என்று ஒன்று இருக்கிறதல்லவா, அதை ‘பூஜ்யம் போல’ என்று சில புத்தகங்கள் விளக்குகின்றன. நான்கு பேர் தேர்வு. மூவர் 60, ஒருவர் வரவில்லை. வராதவருக்கு நல் போட்டால் தரவுத்தள மொழியான எஸ்கியூஎல் தரும் சராசரி 60. 0 போட்டால் 45. இந்த ஓர் உதாரணத்தைப் போட்டுவிட்டால் ஒரு பக்க விளக்கம் மிச்சம். நேரத்திலும் இதே குழப்பம்தான். யுனிக்ஸ் இயங்குதளத்தின் நேரக் கணக்கில் 0 என்பது 1970 ஜனவரி 1, உலகப் பொது நேரம் நள்ளிரவு. தேதி நிரப்பாமல் விட்ட இடத்தில் 0 கிடந்தால், திரையில் 1970 என்று வந்து நிற்கும். கிரீனிச்சுக்கு மேற்கே இருந்தால் 1969 டிசம்பர் 31. எத்தனையோ பேரின் பிறந்த நாள் இப்படித்தான் மாறிப்போயிருக்கிறது. கணினி அறிஞர் டோனி ஹோர் 1965-இல் அல்கால் டபிள்யூ மொழிக்கு நல் பாயிண்டரை, அதாவது நினைவகத்தில் எந்த இடத்தையும் காட்டாத சுட்டியை, சேர்த்தார். சேர்ப்பது அவ்வளவு சுலபமாக இருந்ததாம். 2009-இல் அதைத் தன்னுடைய நூறு கோடி டாலர் தவறு என்று அவரே சொல்லிவிட்டார். ‘எங்கேயும் சுட்டவில்லை’ என்பதையும் சுட்டுகிற மதிப்பாகவே வைத்ததால் வந்த வினை.

எழுத்துக்களின் கதை சின்னது. திரையில் தெரியும் ‘0’ என்ற எழுத்துக்கு ஆஸ்கி என்ற எழுத்துக் குறியீட்டில் எண் 48. மதிப்பு 0 உள்ள பைட் வேறு, சி மொழியில் சொற்கோவை (எழுத்துத் தொடர்) முடிந்தது என்று அதுதான் சொல்லும். 0-வில் தொடங்கும் கைபேசி எண்ணை எண்ணாகப் பதிந்தால் முன்னால் உள்ள 0 காணாமல் போகும். சி மொழியில் 010 என்று எழுதினால் பத்து வராது, எட்டு வரும். முன்னால் 0 போட்டால் எட்டடிமானம் (பத்துக்குப் பதில் எட்டை அடியாக வைத்து எண்ணும் முறை) என்பது அந்த மொழியின் வழக்கு.

இங்கே ஒரு கணம் நிற்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. சி மொழியில் 0 என்றால் பொய். யுனிக்ஸில் கட்டளைகளை வாங்கி ஓட்டும் ஷெல்லில் ஒரு நிரல் முடியும்போது 0 தந்தால் வெற்றி. ஷெல்லின் நிபந்தனைக்கு அது மெய். இரண்டையும் செய்தவர்கள் ஒரே கூடத்தில் உட்கார்ந்திருந்தவர்கள். முரண்பாடு என்று தோன்றும். ஆனால் யோசித்தால், வெற்றிக்கு ஒரு வகைதான் உண்டு, தோல்விக்கு ஆயிரம் காரணம். கோப்பு இல்லை, அனுமதி இல்லை, இடம் இல்லை என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் வேண்டும். அதனால் ஒரே ஒரு 0-வை வெற்றிக்குக் கொடுத்துவிட்டு மிச்சம் அனைத்தையும் தோல்விக்கு ஒதுக்கினார்கள். அங்கே 0 சொல்வது ‘குறை சொல்ல ஒன்றுமில்லை’. உங்கள் ‘ஒன்றுமில்லை’ பொருந்துகிற ஒரே இடம் இதுதான் என்று நினைக்கிறேன்.

இனி வலையமைப்பு. உங்கள் மீது எனக்கு அதிக வருத்தம் இருப்பது இதில்தான்.

புதிதாக வந்த ஒரு பெண், நன்றாக வேலை செய்கிறவர், சோதனைக்காக ஒரு தரவுத்தள சர்வரைத் தன் கணினியில் ஓட்டினார். எந்த முகவரிக்கு வரும் அழைப்புகளுக்குக் காது கொடுத்துக் கேட்க வேண்டும் என்ற அமைப்பில் 0.0.0.0 என்று இருந்தது. கடவுச்சொல் இல்லை. ஏன் இப்படி என்று கேட்டேன்.

“எல்லாமே பூஜ்யமாகத்தானே வைத்திருக்கிறேன் சார். முகவரியே இல்லையே, வெளியிலிருந்து யார் வர முடியும்?”

நான் பதில் சொல்லவில்லை. என் கணினியிலிருந்து அவருடைய சர்வரைத் திறந்து அட்டவணையை அவர் கண்முன் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. “அப்படியென்றால் பூஜ்யம் என்றால் எல்லாரும் வரலாமா?” என்று கேட்டார். அந்த இடத்தில் ஆம். சர்வர் எந்த முகவரியில் கேட்க வேண்டும் என்பதற்கு 0.0.0.0 கொடுத்தால், இந்தக் கணினிக்கு எத்தனை இணைப்பு இருக்கிறதோ அத்தனையிலும் கேள் என்று பொருள். தனக்குள் மட்டும் கேட்க வேண்டும் என்றால் 127.0.0.1 கொடுக்க வேண்டும்.

அதே நான்கு பூஜ்யம் இன்னோர் இடத்தில் நேர் எதிராகப் பேசும். கணினி வலையில் புதிதாகச் சேரும்போது டிஎச்சிபி என்ற முகவரி வழங்கும் நெறிமுறை வழியாக முகவரி கேட்கிறது. அந்தக் கோரிக்கையில் அனுப்புநர் முகவரி 0.0.0.0, பெறுநர் 255.255.255.255. ‘எனக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை, யாராவது வையுங்கள்’ என்று ஊருக்கே கேட்கும்படி கத்துவது. இங்கே 0.0.0.0 யாருமில்லை. சர்வரில் அது எல்லாமும். வழிகாட்டு அட்டவணையில் (எந்தத் தரவு எந்த வழியில் போக வேண்டும் என்ற பட்டியலில்) 0.0.0.0/0 என்று இருந்தால் ‘எங்கே போக வேண்டியதாக இருந்தாலும் இந்த வழி’. யாருமில்லை, எல்லாரும், எங்கேயும். ஒரே எழுத்து, மூன்று பொருள். இணைய முகவரி நெறிமுறையான ஐபியின் 6-ஆம் பதிப்பிலும் இதே கதைதான், :: என்று சுருக்கி எழுதுகிறார்கள் என்பது தவிர.

/0 எப்படி எல்லாவற்றையும் பிடிக்கிறது என்பதை மாணவர் புரிந்துகொண்டால் பாதி வலையமைப்பு புரிந்த மாதிரி. /24 என்றால் வந்த முகவரியின் முதல் 24 பிட்டை ஒப்பிட்டுப் பார். /8 என்றால் 8 பிட்டை மட்டும் பார். பிட் குறையக் குறைய கெடுபிடி குறைகிறது, உள்ளே வருகிறவர் கூட்டம் பெருகுகிறது. /0 என்றால் எதையும் ஒப்பிடாதே. வாசலில் எதையும் கேட்காத காவலாளி எல்லாரையும் உள்ளே விடுவார். நிபந்தனை பூஜ்யம், அதனால் வரவேற்பு முழுமை. கணிதத்தில் எதையுமே பெருக்காமல் விட்ட பெருக்கல் 1 ஆவதும், 0! என்பது 1 ஆவதும் இதற்கு உறவுக்காரர்கள்தான். ஒரே பாக்கெட்டுக்கு (வலையில் போகும் தரவுத் துண்டுக்கு) பல வழிகள் பொருந்தினால் அதிக பிட் ஒத்துப்போகிற வழிதான் வெல்லும் என்பதால், /0 எப்போதும் கடைசிப் புகலிடமாக நிற்கிறது. இதை ‘டீஃபால்ட் ரூட்: 0.0.0.0/0’ என்று ஒரு வரியில் எழுதிவிட்டுப் போகிறீர்களே, மனசு வரவில்லையா?

‘.0-இல் முடியும் முகவரியைக் கணினிக்குக் கொடுக்கக் கூடாது’ என்று இன்னும் எழுதுகிறீர்கள். 192.168.1.0/24 என்ற வலைக்கு அது சரி. அங்கே கடைசி எட்டு பிட்டும் கணினிப் பகுதி, அது முழுக்க 0 என்றால் வலையின் பெயர். வலை 192.168.0.0/23 என்று இருந்தால் கணினிப் பகுதி ஒன்பது பிட், 192.168.1.0 நடுவில் கிடக்கும் சாதாரண முகவரி, தாராளமாகக் கொடுக்கலாம். 0 என்பது புள்ளிக்குப் பின்னால் தெரிகிற எண்ணைப் பார்த்துச் சொல்ல முடியாத விஷயம். அதேபோல், ஒரு வலையைத் துணைவலைகளாகப் பிரிக்கும்போது, முதல் துணைவலையையும் கடைசித் துணைவலையையும் விட்டுவிட்டு எண்ணிக்கையில் 2 கழிக்கச் சொல்லும் கணக்கு. 1985-இல் வந்த ஆர்எஃப்சி 950 என்ற இணைய நெறிமுறை ஆவணம் அப்படிச் சொன்னது உண்மை. 1995-இலேயே ஆர்எஃப்சி 1878 அந்த வழக்கம் காலாவதி என்று எழுதிவிட்டது. முப்பது வருடம் ஆகப்போகிறதா, ஆகியே விட்டது. இன்னும் பயிற்சிக் கணக்கில் மாணவர்கள் இரண்டைக் கழித்துக்கொண்டிருக்கிறார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த பூஜ்யம், யுடிபி என்ற தரவு அனுப்பும் நெறிமுறையில், பாக்கெட்டின் முன்னால் வரும் தலைப்புப் பகுதியில் இருக்கிறது. 16 பிட்டில் ஒரு சரிபார்ப்பு எண். அந்த இடத்தில் 0 இருந்தால் ‘நான் சரிபார்ப்பு எண் கணக்கிடவில்லை’ என்று பொருள். அப்படியானால், உண்மையிலேயே கணக்கிட்டு விடை 0 என்று வந்தால் என்ன செய்வது? அதையும் 0 என்று அனுப்பினால் கணக்கிட்டதற்கும் கணக்கிடாததற்கும் வித்தியாசம் போய்விடும். என் வெப்பநிலைக் கருவியின் பிரச்சினையேதான். 1980-இல் ஆர்எஃப்சி 768 எழுதியவர்கள் இதை முன்கூட்டியே யோசித்துவிட்டார்கள். அந்தக் கூட்டல் ஒன்றின் நிரப்பு முறையில் நடக்கிறது. அந்த முறையில் எல்லா பிட்டும் 0 ஆக இருப்பதும் பூஜ்யம், எல்லா பிட்டும் 1 ஆக இருப்பதும் பூஜ்யம். இரண்டு பூஜ்யம் இருப்பது பொதுவாகத் தொல்லை. இவர்களுக்கு அது வரமாகிவிட்டது. விடை 0 என்றால் எல்லா பிட்டையும் 1 ஆக்கி அனுப்பு என்றார்கள். மதிப்பு மாறவில்லை, பொருளும் குழம்பவில்லை. சில பிட்டுகளுக்குள் ‘இல்லை’யையும் ‘பூஜ்யம்’ என்பதையும் பிரித்து வைத்த அந்தச் சாமர்த்தியத்தை முதல் முறை படித்தபோது, மூன்று நாள் கம்பியை மாற்றிக்கொண்டிருந்த என்னை நினைத்து வெட்கமாக இருந்தது.

டிசிபி என்ற இன்னொரு நெறிமுறையில் பெறுகிறவர் சாளர அளவு (இன்னும் எவ்வளவு வாங்க முடியும் என்ற அளவு) 0 என்று அனுப்பினால் ‘என் கை நிறைந்துவிட்டது, கொஞ்சம் பொறு’ என்று பொருள். இணைப்பு உயிரோடுதான் இருக்கிறது, அனுப்புகிறவர் நடுநடுவே தட்டிப் பார்த்துக்கொண்டே இருப்பார். டிடிஎல் (இன்னும் எத்தனை ரூட்டரைத் தாண்டலாம் என்ற எண்) 0 ஆனால் பாக்கெட்டுக்கு ஆயுள் முடிந்தது, ரூட்டர் அதைத் தூக்கி எறிந்துவிடும். போர்ட் (கணினியில் ஒரு நிரலுக்கான வாசல் எண்) 0 கேட்டால் ‘எது காலியோ அதைக் கொடு’. மூன்றும் மூன்று வரி. பக்கப் பற்றாக்குறை என்று சொல்ல முடியாது.

நான் கேட்பது பெரிய மாற்றம் இல்லை. ‘0 என்றால் ஒன்றுமில்லை’ என்ற வரியை எடுங்கள். இரும எண் அத்தியாயத்தில் 0, 1 இரண்டும் இரண்டு நிலைகளின் பெயர்கள் என்று எழுதுங்கள். அரே வரும் இடத்தில் ‘தூரம்’ என்ற சொல்லைப் பயன்படுத்துங்கள். துணைவலைக் கணக்கில் 2 கழிப்பதை நிறுத்துங்கள். அப்புறம் அத்தியாய இறுதியில் ஒரே ஒரு பயிற்சிக் கேள்வி: டிஎச்சிபி கோரிக்கை ஒன்றையும், ஒரு சர்வரின் அமைப்புக் கோப்பையும், ஒரு வழிகாட்டு அட்டவணையையும் அடுத்தடுத்து அச்சிட்டு, மூன்றிலும் வரும் 0.0.0.0-வைச் சுழித்துக் காட்டி, ஒவ்வொன்றுக்கும் தமிழில் ஒரு வாக்கியம் எழுதச் சொல்லுங்கள். விடையைப் பின்னட்டையில் போடாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் மாணவர்களோடு பிழை தேடிக்கொண்டிருக்கும் ஒருவன்